கடல்கொண்ட குமரி: சான்றுகளின் கால அடுக்கும் வரலாற்று மூலமும்

முன்னுரை

தமிழிலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் எவரும் கடல்கோள் பற்றிய செய்தியைத் தொடாமல் செல்ல இயலாது. முச்சங்கம், பஃறுளியாறு, குமரிக்கோடு, கபாடபுரம், நாற்பத்தொன்பது நாடுகள் என்னும் பெயர்கள் நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்க் கல்வியுலகில் பேசப்பட்டு வருகின்றன. இவற்றை உள்ளவாறே வரலாறெனக் கொள்வோர் ஒருபுறம். முழுவதும் புனைவெனத் தள்ளுவோர் மறுபுறம். இருசாராரிடத்தும் பொதுவான குறை ஒன்று காணப்படுகிறது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்தோடு எழுந்த சான்றுகளை ஒன்றாகத் திரட்டி, ஒரே குரலில் பேசும் ஆவணமாக அவர்கள் கருதுகின்றனர். அதனால் ஏற்போர் அனைத்தையும் ஏற்கவும், மறுப்போர் அனைத்தையும் மறுக்கவும் நேர்கிறது. சான்றுகளைக் கால அடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை எனக் காண்பதும், அதன் வழியே இத்தொன்மத்தின் வரலாற்று மூலத்தை அளவிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. செய்யுட் சான்றுகள்

மிகப் பழைய சான்றாகக் காட்டப்பெறுவது புறநானூற்று 9ஆம் பாடல். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் வாழ்த்தும் அப்பாடலில், பஃறுளியாற்று மணலினும் பலகாலம் அவன் வாழ்க என்னும் கருத்து அமைந்துள்ளது. இப்பாடலில் ஆறு இருக்கிறது, கடல்கோள் இல்லை. கடலில் மறைந்துபோன ஓர் ஆற்றின் மணலை நெடுவாழ்வுக்கு உவமையாக்குதல் வாழ்த்து மரபோடு பொருந்துமாறில்லை. எனவே, இப்பாடல் எழுந்தபோது பஃறுளி ஓடிக்கொண்டிருந்தது, அல்லது அது மறைந்ததென்னும் செய்தி இன்னும் உருப்பெறவில்லை எனக் கொள்ளுதலே நேரிய முடிபாகும். குமரி மாவட்டத்துப் பறளியாற்றோடு பஃறுளியை இணைத்துக் காண்போரும் உளர் என்பது இங்கு எண்ணத்தக்கது. புறநானூற்றின் 6, 67ஆம் பாடல்களிலும் குமரி இடம்பெறுகிறது. முன்னதில் அது தென்னெல்லை; பின்னதில் அது ஒரு பெருந்துறை. இரண்டிலும் நில இழப்புப் பற்றிய குறிப்பு இல்லை.

இழப்புச் செய்தி தெளிவாக முதற்கண் வெளிப்படுவது கலித்தொகையின் முல்லைக்கலியிலும் (104) சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிலுமாகும். கலித்தொகைப் பாடல், தன் நிலத்தைக் கடல் கொண்டபோது பாண்டியன் மனந்தளராது, புலியும் வில்லும் பொறித்திருந்த பிறர் நிலத்தில் தன் கயற்பொறியை நாட்டினான் என்கிறது. சிலப்பதிகாரத்தில், பஃறுளியாற்றுடன் பல மலைத்தொடர்களையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகவும், அதற்கு ஈடாகப் பாண்டியன் வடதிசைக் கங்கையையும் இமயத்தையும் கைக்கொண்டதாகவும் மாங்காட்டு மறையோன் வாழ்த்திக் கூறுகிறான். ஒரே இழப்புக்கு ஒரு நூல் சேர சோழ நிலங்களையும், மற்றொரு நூல் கங்கை இமயத்தையும் ஈடாகக் காட்டுவதை ஆய்வாளர் பலரும் கவனியாது சென்றனர்.

இவ்விரு பகுதிகளும் பாண்டியனைப் புகழும் பகுதிகள். இரண்டிலும் மையப்பொருள் பாண்டியனின் வெற்றியே. கடல்கோள் அவ்வெற்றிக்குக் காரணங்காட்டும் முன்னிகழ்வு. தன் நிலத்தை இழந்தவன் பிறர் நிலத்தைக் கொள்ளுதல் ஆசையால் அன்று, தேவையால் என்னும் நியாயத்தை இழப்புச் செய்தி வழங்குகிறது. ஆதலின் இச்சான்றுகளிலிருந்து பெறத்தக்கது, பாண்டியர் கடற்கரை நிலத்தில் ஒரு பகுதியை இழந்தனர் என்னும் மரபு அக்காலத்தில் நிலவியது என்பது மட்டுமே. இழந்த நிலத்தின் பரப்பை இரு நூல்களும் அளவிட்டுக் கூறவில்லை.

2. இறையனார் களவியலுரை

கடல்கோளைச் சங்க வரலாற்றோடு பிணைத்த முதல் நூல் இறையனார் அகப்பொருளுரை. நக்கீரர் பெயரால் வழங்கும் இவ்வுரை, பல தலைமுறை வாய்மொழியாக வந்து ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டில் ஏட்டுரு பெற்றதென்பர். தலைச்சங்கம் 4440 ஆண்டு, 89 அரசர்; இடைச்சங்கம் 3700 ஆண்டு, 59 அரசர்; கடைச்சங்கம் 1850 ஆண்டு, 49 அரசர் என அது கணக்கிடுகிறது.

இவ்வெண்களின் அமைப்பை நோக்கின் இரண்டு செய்திகள் புலனாகும். முதலாவது, மூன்று சங்கங்களின் ஆண்டுகளும் 37 என்னும் எண்ணால் மீதியின்றி வகுபடுகின்றன. 4440 என்பது 37இன் 120 மடங்கு. 3700 என்பது 100 மடங்கு. 1850 என்பது 50 மடங்கு. நிகழ்வுகளைப் பதிந்து வைத்த ஒரு கால வரிசையில் இத்தகைய ஒழுங்கு தானாக அமைவதரிது. இரண்டாவது, அரசர் எண்ணால் ஆண்டுகளை வகுத்தால் தலைச்சங்கத்து அரசர் ஒவ்வொருவரும் சராசரி 50 ஆண்டும், இடைச்சங்கத்தார் ஏறத்தாழ 63 ஆண்டும், கடைச்சங்கத்தார் ஏறத்தாழ 38 ஆண்டும் ஆண்டதாக முடியும். ஓரிரு மன்னர் அத்தனை காலம் ஆளலாம்; அறுபது தலைமுறை தொடர்ந்து அவ்வாறு ஆளுதல் இயலாது.

ஆயினும் இவ்வுரைகாரர் பொய்யுரைத்தார் எனல் பொருந்தாது. அவர்தம் நடை மிக எச்சரிக்கையானது. சங்கம் பற்றிய செய்திகளை 'என்ப' என்று பிறர் கூற்றாகவே அவர் தருகிறார். பாண்டிய நாட்டைக் கடல்கொண்டது இடைச்சங்கக் காலத்தில் எனக் கூறுமிடத்து 'போலும்' என்னும் ஐயச்சொல்லைச் சேர்க்கிறார். பிற்கால எழுத்தாளர் பலர் அவரை மேற்கோளாக ஆளும்போது இவ்வொரு சொல்லை விட்டுவிட்டனர். எட்டாம் நூற்றாண்டு உரைகாரர் ஐயத்தோடு சொன்னதை இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர் உறுதியோடு சொல்லத் தலைப்பட்டது, சான்று கூடியதால் நிகழ்ந்ததன்று.

3. அடியார்க்குநல்லார் உரை

நிலப்பரப்பின் அளவு முதன்முதலாகத் தோன்றுவது சிலப்பதிகாரத்துக்கு ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் அடியார்க்குநல்லார் வரைந்த உரையில்தான். வேனிற்காதையின் தொடக்கத்தில் தமிழகத்தின் தென்னெல்லையாகக் கடல் சொல்லப்பட்டுள்ளது. வேறு நூல்கள் குமரியை எல்லையாகச் சொல்லியிருக்க, இளங்கோவடிகள் கடலைச் சொன்னது ஏன் என்னும் வினா உரையாசிரியருக்கு எழுகிறது. அவ்வினாவுக்கு விடையாகவே, பஃறுளிக்கும் குமரியாற்றுக்கும் இடைப்பட்ட 700 காவத நிலமும், அதனகத்து நாற்பத்தொன்பது நாடுகளும் கடலுள் மறைந்தன என அவர் விளக்குகிறார். தெங்க நாடு ஏழு, மதுரை நாடு ஏழு, முன்பாலை நாடு ஏழு, பின்பாலை நாடு ஏழு, குன்ற நாடு ஏழு, குணகாரை நாடு ஏழு, குறும்பனை நாடு ஏழு என ஏழேழாக அந்நாடுகள் அடுக்கப்பெறுகின்றன.

ஆக, 700 காவதம் என்பது ஓர் உரைச்சிக்கலைத் தீர்க்கப் பிறந்த விளக்கம். இரு நூல்கள் ஒரே எல்லையை இருவேறு சொற்களால் குறித்தமையே அச்சிக்கல். உரையாசிரியர் தமக்குக் கிடைத்த செவிவழி மரபொன்றைப் பயன்படுத்தியிருக்கலாம். தெங்கு, பனை, குன்று, பாலை என்னும் பெயர்கள் நெய்தல் சார்ந்த நிலத்தின் இயல்பை ஒட்டியிருப்பது அவ்வாறு கருத இடந்தருகிறது. எனினும் ஏழின் பெருக்கமும் எழுநூறும் நில அளவையின் எண்களாக அமைவதினும் மரபெண்களாக அமைவதே மிகுதி. சிலப்பதிகாரம் எழுந்ததற்குப் பல நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட உரையிலன்றி அதற்கு முந்திய எந்நூலிலும் இவ்வளவு காணப்படவில்லை என்பதே இங்கு முதன்மையான செய்தி.

4. அச்சேற்றமும் இலெமூரியாவும்

மேற்குறித்த நூல்கள் அனைத்தும் அச்சில் வெளிவந்தது ஒரு குறுகிய கால எல்லைக்குள் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. இறையனார் அகப்பொருளுரை 1883இலும் கலித்தொகை 1887இலும் சி.வை. தாமோதரம் பிள்ளையால் பதிப்பிக்கப்பெற்றன. சிலப்பதிகாரம் அடியார்க்குநல்லார் உரையோடு 1892இலும், புறநானூறு 1894இலும் உ.வே. சாமிநாதையரால் வெளிவந்தன. பன்னிரண்டாண்டுக்குள் நான்கு சான்றுகளும் ஒருங்கே கைக்கு வந்தமையால், அவற்றின் இடையேயுள்ள பல நூற்றாண்டுக் கால இடைவெளி வாசகர் கண்ணுக்குப் புலப்படாது போயிற்று. ஓரே அலமாரியில் நின்ற நூல்கள் ஒரே காலத்தின் சான்றுகளாகத் தோன்றின.

அதற்கு முன்பே மேனாட்டில் வேறொரு கருத்து உருவாகியிருந்தது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பெறும் இலெமூர் இன விலங்குகளின் ஒற்றுமையை விளக்குவதற்காக 1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்னும் விலங்கியலார், இந்துமாக்கடலில் மறைந்த கண்டம் ஒன்றைக் கருதி அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கல் அதனை மாந்தரினத்தின் தொட்டிலாகக் கொண்டார். பின்னர்ப் பிரம்மஞான சபையினர் அதற்குப் பல்வேறு புனைவுகளைச் சேர்த்தனர். தமிழ்நூல்களின் கடல்கொண்ட நிலமும் மேனாட்டாரின் இலெமூரியாவும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒன்றெனக் கொள்ளப்பட்டன. கா. அப்பாத்துரையார் போன்றோரின் நூல்கள் இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றன. 1981இல் மதுரையில் நடைபெற்ற ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி இப்பொருள் ஆவணப்படமாகவும் ஆயிற்று.

'குமரிக்கண்டம்' என்னும் பெயர்கூடச் சங்கநூல் வழக்கன்று. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்து அண்டகோசப் படலத்தில் அது பாரத வருடத்தின் ஒன்பது கண்டங்களுள் ஒன்றன் பெயர். மூழ்கிய நிலத்தின் பெயரன்று. புராண நிலநூலிலிருந்து பெயரும், இடைக்கால உரையிலிருந்து அளவும், மேனாட்டு விலங்கியலிலிருந்து நிலவரைபடமும் பெற்றுப் பிறந்ததே இன்று பேசப்படும் குமரிக்கண்டம். சுமதி இராமசாமி 2004இல் வெளியிட்ட நூல் இவ்விணைவின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளது.

5. நிலவியல் தரும் எல்லை

நிலத்தட்டுப் பெயர்ச்சிக் கொள்கை 1960களில் நிலைபெற்றபின் இலெமூரியாவுக்குத் தேவை இல்லாமற்போயிற்று. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரே பெருநிலத்தின் கூறுகளாயிருந்து ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. மொரிசியசின் கடற்கரை மணலுள் பழங்கண்டத்துச் சிர்க்கான் மணிகள் கிடைத்ததை 2013இல் அறிவியலார் வெளியிட்டபோது, குமரிக்கண்டம் மெய்ப்பிக்கப்பட்டதாகச் சிலர் மகிழ்ந்தனர். ஆனால் அச்சிறுகண்டம் சிதைந்தது பல கோடி ஆண்டுகளுக்கு முன்; இன்றைய மாந்தரினம் தோன்றியதோ ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளுக்கு முன். இரண்டையும் இணைக்க எவ்வழியுமில்லை.

எனினும் நிலவியல் கடல்கோள் மரபை முற்றும் மறுக்கவில்லை. அதற்கு ஓர் எல்லை வகுக்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், இறுதிப் பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் படிப்படியாக உயர்ந்து, ஏறத்தாழ 7,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய நிலையை அணுகியது. ஆழம் குறைந்த பாக்கு நீரிணை அன்று நிலமாயிருந்தது. ஈழமும் தமிழகமும் ஒட்டியிருந்தன. குமரிமுனைக்குத் தெற்கிலும் கடலடித் திட்டின் ஒரு பகுதி நிலமாயிருந்தது. நிலவியலாளர் சு.கி. ஜெயகரன் 2002இல் வெளியிட்ட 'குமரி நில நீட்சி' என்னும் நூல், இழந்த நிலம் இத்திட்டின் அளவினதே என்பதை ஆழக்கணக்கின் துணைகொண்டு விளக்கியது. திட்டுக்கு அப்பால் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழ்ந்து செல்வதால் பெருங்கண்டத்துக்கு அங்கு இடமில்லை.

அந்நிலத்தில் மக்கள் வாழ்ந்தனரா? தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளின் செம்மணல் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை சோய்னரும் ஆல்ச்சினும் 1956இல் ஆராய்ந்து, அவற்றைப் பண்டைக் கடல்மட்ட மாற்றத்தோடு தொடர்புபடுத்தினர். ஆகவே அக்கரையோரம் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்களுடையது. அவர்களிடம் அரசும் சங்கமும் எழுத்தும் இருந்தமைக்குச் சான்றில்லை.

இத்துணைப் பழைய நினைவு வாய்மொழியாக நிலைக்குமா என்னும் வினா எஞ்சுகிறது. ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் கதைகளில் 7,000 ஆண்டுக்கு முற்பட்ட கடலேற்ற நினைவுகள் 21 இடங்களில் பேணப்பட்டுள்ளன என நன்னும் ரீடும் 2016இல் எழுதினர். அங்குக் குறிப்பிட்ட கரை, குறிப்பிட்ட தீவு என ஒவ்வொரு கதையும் ஓரிடத்தோடு பொருத்திக் காட்டப்பட்டது. தமிழ் மரபுக்கும் அவ்வாய்ப்பு உண்டென்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் இடத்தோடு பொருத்திக் காட்டும் அப்பணி இங்கு நடைபெறாத வரை அதனைக் கருதுகோளாகவே கொள்ளுதல் வேண்டும்.

6. அழிவுக் கதைகளின் அமைப்பு

பெரிய கடலேற்றத்தைத் தவிர, வரலாற்றுக் காலத்துச் சிறிய அழிவுகளும் இம்மரபுக்கு மூலமாயிருத்தல் கூடும். அவை கதையாகும் முறையை ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். மணிமேகலையில் புகார் கடல்கொள்ளப்பட்டதற்கு, மகனை இழந்த துயரில் சோழன் இந்திரவிழாவை மறந்தமை காரணமாகிறது. காவிரியின் மேற்பகுதியில், மைசூருக்கு அருகேயுள்ள தலக்காடு மணலில் புதைந்ததற்கு, 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அலமேலம்மா இட்ட சாபத்தைக் காரணமாக மக்கள் சொல்வர். சிலப்பதிகாரத்தில், பாண்டியன் வேலெறிந்து இகழ்ந்ததைப் பொறாத கடல் நிலத்தைக் கொண்டது. மூன்றிலும் அமைப்பு ஒன்றே: ஒரு பிழை, ஒரு சினம், ஓர் இயற்கை அழிவு.

காரணம் புனைவாயிருப்பதனால் அழிவும் புனைவாகிவிடாது. தலக்காட்டு மணல் கண்கூடு. மணலுள் புதைந்த கோயில்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இராசராசபுரம் எனச் சோழர் பெயரிட்ட அவ்வூரில் தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ளன. பூம்புகாரின் கடலடியிலும் கட்டட எச்சங்கள் கண்டறியப்பட்டுள்ளன. 1964 திசம்பரில் தனுசுகோடியை ஒரே இரவில் புயற்கடல் அழித்தது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்டவர் நம்மிடையே வாழ்கின்றனர். ஆதலின் கதையில் காரணத்தையும் அளவையும் நீக்கி இடத்தையும் நிகழ்வையும் தேடுவதே முறை. தலக்காட்டில் அம்முறை பயன் தந்தது. ஓர் ஊரின் அழிவு ஓர் ஊரின் அளவிலேயே நின்றதால் சரிபார்த்தல் இயன்றது. குமரிச் செய்தியிலோ அளவு வளர்ந்துகொண்டே சென்றதால் சரிபார்க்க வேண்டிய இடமே மறைந்துபோயிற்று.

7. கவாடம்: பெயர் காக்கும் செய்தி

இடத்தைத் தேடுவதற்கு உதவும் முதற்கருவி இடப்பெயர். மைசூரின் பழம்பகுதிகளுள் ஒன்று மண்டி மொஹல்லா. 'மண்டி' மொத்த வணிகக் களத்தையும், அரபு வழிவந்த 'மொஹல்லா' குடியிருப்புப் பகுதியையும் குறிக்கும். எவ்வித ஆவணமும் கிட்டாத நிலையிலும், ஓர் ஊரகத்தே வணிகக்களம் சார்ந்த குடியிருப்பு இருந்ததென்பதையும், அவ்வூரில் பல மொழியினர் கலந்தனர் என்பதையும் அப்பெயர் கொண்டே கூறிவிடலாம். அதன் பரப்பையோ, தோன்றிய ஆண்டையோ பெயரைக் கொண்டு கூறவியலாது. பெயர் தொழிலையும் தொடர்பையும் காக்கும். அளவையும் காலத்தையும் காப்பதில்லை.

இவ்வளவுகோலைக் கபாடபுரத்தின் மேல் இட்டுப் பார்க்கலாம். கவாடம் என்பது கதவு, வாயில் எனப் பொருள்படும். இடைச்சங்கத் தலைநகராகக் களவியலுரை கூறும் இப்பெயருக்குத் தமிழ்நூல் சாராத ஒரு சான்று உண்டு. கௌடலீயரின் அர்த்தசாத்திரம் முத்து வகைகளை அவை தோன்றும் இடங்களால் பெயரிட்டு வரிசைப்படுத்துமிடத்து, தாம்பிரபரணி முத்தை அடுத்துப் 'பாண்டிய கவாடகம்' என்னும் முத்தைக் குறிக்கிறது. நெடுங்காலம் மறைந்திருந்த அந்நூலின் ஓலைச்சுவடி மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் 1905இல் ஆர். சாமசாஸ்திரியின் கைக்கு வந்து, 1909இல் அச்சாயிற்று. சங்க வரலாற்றைப் பற்றி ஏதும் அறியாத, பொருளியலே நோக்கமாகக் கொண்ட அந்நூலில் இப்பெயர் காணப்படுவது, களவியலுரையின் எண்கள் அனைத்தையும்விட வலிய சான்றாகும். பாண்டிய நாட்டு முத்துக்குளிப்போடு தொடர்புடைய, 'கவாடம்' எனப் பெயர்பெற்ற இடமொன்று இருந்தது என இதனால் துணியலாம். அது தலைநகராயிருந்தது என்றோ 3700 ஆண்டு நிலைத்தது என்றோ துணிய இயலாது.

முத்துக்குளிப்பு நிகழ்ந்த மன்னார் வளைகுடாக் கரை அடிக்கடி மாறுவது. பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. பொருநையாற்று வண்டல் அங்கு நிலத்தை வளர்த்துவிட்டது. ஓரிடத்தில் கடல் விலகியதும் வேறோரிடத்தில் கடல் ஏறியதும் இக்கரையின் இயல்பு. துறைமுகங்கள் கைவிடப்பட்டு இடம்பெயர்ந்ததைக் கண்ட மக்களின் நினைவில், தலைநகர் தெற்கிலிருந்து வடக்கே படிப்படியாக நகர்ந்தது என்னும் மரபு உருவாதல் இயல்பே. தென்மதுரை, கபாடபுரம், உத்தரமதுரை என்னும் வரிசை அத்தகைய நகர்வின் தடமாயிருத்தல் கூடும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. புறநானூற்றில் ஆறும் துறையும் உண்டு, இழப்பு இல்லை. கலித்தொகையிலும் சிலப்பதிகாரத்திலும் இழப்பு உண்டு, அளவு இல்லை. களவியலுரையில் காலக்கணக்கு உண்டு, உறுதி இல்லை. அடியார்க்குநல்லார் உரையில் நில அளவு உண்டு, அதுவும் ஓர் உரைவிளக்கத்தின் பொருட்டு வந்தது. கண்டம் என்னும் கருத்து 1864க்குப் பிற்பட்டது. இவ்வடுக்குகளைக் களைந்தபின் எஞ்சுவது கடலால் கரைநிலத்தை இழந்த பாண்டிய நாட்டின் நினைவும், கவாடம் என்னும் முத்துத்துறையின் பெயரும் ஆகும். இவை சிறியவை, ஆயினும் தேடத்தக்கவை.

இவ்வினா ஏட்டளவில் முடிவதன்று. தமிழின் தொன்மையைக் காட்டுதற்குக் கடலடிக் கண்டத்தையே சான்றாக முன்வைப்போர், அக்கண்டம் மறுக்கப்படும்போது தொன்மையும் மறுக்கப்பட்டதாகப் பிறர் கருத இடந்தந்துவிடுகின்றனர். கீழடியில் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்லும் வாழ்விடச் சான்றுகள் உள்ளன. சிவகளை மாதிரிகளைக் கொண்டு இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதிக்குக் கொண்டுசெல்லும் காலக்கணிப்பைத் தமிழகத் தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்டு, அறிஞரின் ஆய்வுக்கு வைத்துள்ளது. சிவகளையும் ஆதிச்சநல்லூரும் கொற்கையும் ஒரே பொருநைக் கரையின. கடல்கொண்ட தமிழர் நாகரிகத்தைத் தேடுவோர் முதலில் செல்லவேண்டிய இடம் அக்கரையும் அதனையடுத்த ஆழமற்ற கடலுமே. களவியலுரைகாரர் இட்ட 'போலும்' என்னும் சொல்லை மீண்டும் அதன் இடத்தில் வைத்துத் தொடங்கும் ஆய்வே அங்குப் பயன் தரும்.